தொழில்தான் என்று ஒரு சான்றிதழ்

அனுப்புநர்:
ஓர் ஆடிட்டர்,
நுங்கம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு (ஐடிஎஃப்),
லண்டன்.

பொருள்: வருமான வரி – உலகத் தரவரிசையில் 600-க்குச் சற்றுக் கீழே உள்ள ஆட்டக்காரர் – அவர் செய்வது தொழில்தான் எனச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் எம்15 போட்டிகளின் பரிசுத்தொகை அட்டவணை. 2. 2013-ஆம் ஆண்டு நிலவரம் குறித்துத் தாங்களே செய்த ஆய்வு. 3. ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரசீதுகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கிளையன்ட் ஒருவர் டென்னிஸ் ஆடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இரண்டு செட் ஆடிவிட்டுக் காபி குடித்து வீட்டுக்குப் போகிற ரகம் அல்ல. உலகத் தரவரிசையில் அவருக்கென்று ஓர் எண் இருக்கிறது. பூமியில் உள்ள அத்தனை பேரிலும் இந்த வேலையில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர்தான். என் தொழிலில் எனக்கு அப்படி ஓர் இடம் வாய்த்திருந்தால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவருடைய வரிக் கணக்கைப் பார்த்த அதிகாரி ஒருவர், தங்கமான மனிதர், குரலைக்கூட உயர்த்தவில்லை, என்னிடம் கேட்டார்: "சார், வருஷா வருஷம் நஷ்டம்னே காட்டறாரே, இது தொழிலா, இல்ல பையனோட பொழுதுபோக்கா?" நியாயமான கேள்வி. தொழிலில் வந்த நஷ்டம் என்றால் எட்டு ஆண்டுவரை அதை இழுத்துக்கொண்டு போகலாம். என்றைக்காவது லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். பொழுதுபோக்கு என்றால் பையன் அப்பா காசில் ஊர் சுற்றினான் என்று எழுதிப் பேரேட்டை மூடிவிட வேண்டியதுதான். "தொழில்தான்னு பொறுப்பான இடத்துலேர்ந்து எழுதி வாங்கிட்டு வாங்களேன்" என்றார் அதிகாரி. தங்களைவிடப் பொறுப்பான இடம் எது?

தாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு வசதியாகக் கணக்கை விரித்து வைக்கிறேன்.

வரவு. தங்கள் சுற்றுப்பயணத்தின் அடித்தட்டில் இருப்பது எம்15. ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் சேர்த்து மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பிரதான சுற்றில் 32 பேர். முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 156 டாலர். ஒன்றை ஜெயித்துவிட்டுத் தோற்றால் 258. காலிறுதியில் தோற்றால் 438. கோப்பையைத் தூக்கினால் 2,160. இதெல்லாம் வரி பிடிப்பதற்கு முன்னால். 156 டாலர் என்பது நம் பணத்தில் 13,000 ரூபாய்க்கு மேல் வரும். சென்னையிலிருந்து, எம்15 நடக்கும் துனிசியாவின் மொனாஸ்டிருக்குப் போகிற டிக்கெட்டுக்கே காணாது. திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். பிரதான சுற்றுக்கு முன்னால் தகுதிச் சுற்று என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதில் தோற்றவருக்குப் பரிசு சைபர். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த சுற்று அதுதான். வரவு வவுச்சரே போட வேண்டாம்.

ஒப்பிடக் கூடாதுதான், இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. 2025 விம்பிள்டனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 15,500 பவுண்டு. மொனாஸ்டிரில் ஒரு வாரம் முழுக்க ஆடிய அத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுப்பதைவிட அங்கே தோற்ற ஒரே ஒருவருக்குப் போவது அதிகம். நெட் மட்டும் இரண்டு இடத்திலும் நடுவில் 3 அடிதானாம்.

1998-இல் ஃபியூச்சர்ஸ் என்ற பெயரில் இந்தப் போட்டிகள் தொடங்கியபோது அடித்தட்டில் பரிசு 10,000 டாலர். அது 15,000 ஆனது 2017-இல். பத்தொன்பது வருடம் ஒரே தொகையைக் கட்டிக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. ரிசர்வ் வங்கிக்கே அந்த வித்தை கைவரவில்லை.

இனி செலவு. இதில் என் வார்த்தையைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. தங்கள் ஆய்வே இருக்கிறது. விமானம், தங்குமிடம், சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங், சலவை எல்லாம் சேர்த்து ஓர் ஆண் ஆட்டக்காரருக்கு 2013-இல் சராசரியாக ஆண்டுக்கு 38,800 டாலர் ஆனது என்று தாங்களே கண்டுபிடித்தீர்கள். பயிற்சியாளர் சம்பளம் அதில் சேராது. சேர்க்காமல் விட்டது நல்ல யோசனை. என் கிளையன்டின் பயிற்சியாளரும் வாட்ஸ்ஆப்பில்தான் இருக்கிறார். யாராவது ஆட்டத்தைப் படம் பிடித்து அனுப்பினால், "செகண்ட் சர்வ் டாஸ் இடது பக்கம் போகுது" என்று குரல் பதிவு அனுப்புவார்.

இந்த 38,800 டாலரை எம்15-இல் சம்பாதிக்க எத்தனை கோப்பை வேண்டும் என்று கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரே ஆண்டில் 18 முறை சாம்பியன் ஆக வேண்டும். 18 வாரம், வாரத்துக்கு ஐந்து ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்காமல் 90 ஆட்டம். அப்படிச் செய்தால் 38,880 டாலர் வரும். 2013 விலைவாசியே இன்றும் நீடிக்கிறது, எந்த நாடும் வரி பிடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 80 டாலர். அதிகாரியிடம் காட்டினேன். "லாபம் வருதே!" என்று அவருக்கே சந்தோஷம்.

பார்வை 3-இல் சொன்ன அட்டைப்பெட்டிக்கு வருகிறேன். உள்ளே ஓட்டல் ரசீதுகள். எல்லாமே பாதித் தொகைக்கு. அறையை இன்னோர் ஆட்டக்காரருடன் பங்கு போடுவதுதான் வழக்கமாம். ஒரு முறை டிரா வெளியானபோது முதல் சுற்றில் இவருக்கு எதிராளி, பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவரே. "ராத்திரி லைட்டை அணைக்கறப்ப குட் லக் சொல்றதா வேண்டாமான்னு ரெண்டு பேருக்கும் தெரியல சார்" என்றார். மறுநாள் ஒருவருக்கு 156, இன்னொருவருக்குக் குறைந்தது 258 என்று தீர்ந்தது. அறை வாடகை மட்டும் சரிபாதி.

பெட்டியின் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பெயர்கள், எதிரே சின்னச் சின்னத் தொகைகள். கைமாத்து வாங்கிய பட்டியலோ என்று பயந்தேன். விசாரித்தால், கிளையன்ட் பெட்டியில் வைத்துத் தூக்கிப்போகிற மாதிரி ஒரு சிறிய ஸ்ட்ரிங்கிங் மெஷின் வாங்கியிருக்கிறார். ஓட்டலில் கேட்கும் விலையைவிடக் குறைவாக மற்றவர்களின் ராக்கெட்டுக்கு ராத்திரியில் ஸ்ட்ரிங் போட்டுக் கொடுக்கிறார். தோற்றால் விமானம் ஏற வேண்டியவர்கள், ஜெயித்தால் மறுநாளும் ராக்கெட் வேண்டியவர்கள் என்று வாடிக்கைக்குக் குறைவில்லை. கூட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் பந்தை அடித்துச் சம்பாதித்ததைவிட ஸ்ட்ரிங் போட்டுச் சம்பாதித்தது அதிகம். இதை அதிகாரியிடம் எந்தத் தலைப்பில் காட்டுவது? அவரை வேறு ஏதாவது கேட்கத் தூண்ட வேண்டாம் என்று நோட்டை மூடி வைத்துவிட்டேன். சென்னையில் இருக்கும் வாரங்களில் விடியற்காலை பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். கோடையில் ஜெர்மனி கிளப் லீக் ஒன்றில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுவார்களாம். ஆக டென்னிஸ் ஆடி அவர் வாழ முடிகிற இடங்கள் உண்டு. அவை தங்கள் போட்டிகள் அல்ல, அவ்வளவுதான்.

தங்கள் ஆய்வை மறுபடி புரட்டினேன். 2013-இல் 8,874 ஆண்கள் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார்கள். அவர்களில் 3,896 பேர் ஒரு காசுகூடப் பார்க்கவில்லை. ஆண்களுக்கான பரிசுப் பணத்தில் 60 சதவீதம் முதல் 50 பேருக்குப் போனது. செலவும் வரவும் சரிக்குச் சரியாக வருவது 336-ஆவது இடத்தில்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நேர்மையாகத் தன் கடையின் கணக்கைத் தானே வெளியிடும் நிறுவனத்தை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. வெளியிட்டதோடு விட்டிருக்கலாம். தீர்வும் கண்டுபிடித்தீர்கள்: ஆட்டக்காரர்கள் அதிகமாக இருக்கிறார்கள், ஆண்களில் ஒரு 750, பெண்களில் ஒரு 750 போதும். 2019 ஜனவரியில் அடித்தட்டுப் போட்டிகளுக்கு, ஆண்கள் டென்னிஸின் மேல்தட்டை நடத்தும் ஏடிபி அமைப்பின் தரவரிசைப் புள்ளிகளைத் தூக்கிவிட்டுத் தங்களுடைய தனிப் புள்ளி ஒன்றைக் கொடுத்தீர்கள். படுத்துத் தூங்கி எழுந்தபோது ஏராளமானவர்களின் உலகத் தரவரிசை எண் காணாமல் போயிருந்தது. பசித்தவர் எண்ணிக்கையைக் குறைக்க ரேஷன் அட்டையை ரத்து செய்வது எங்கள் ஊரிலும் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் ஆகஸ்ட் மாதமே புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் அலுவலகங்கள் தங்களிடம் பாடம் கற்க வேண்டும். இங்கே ரத்தானது ரத்தானதுதான்.

அடுத்து நான் தொடப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். என் ஆபீஸுக்குப் பக்கத்தில்தான் டென்னிஸ் ஸ்டேடியம். தங்கள் சின்னப் போட்டி நடக்கும் நாட்களில் மத்தியானம் போய் உட்காருவேன். டிக்கெட் கிடையாது. ஒரு தடவை ஓரத்துக் கோர்ட்டில் என்னைத் தவிர ஆட்டக்காரர் ஒருவரின் அப்பாவும், நிழலுக்கு ஒதுங்கிய வாட்ச்மேனும்தான் பார்வையாளர்கள். பந்து பொறுக்கிக் கொடுக்க ஆள் இல்லை. டியூஸுக்கும் அட்வான்டேஜுக்கும் நடுவில் ஆட்டக்காரர்களே வேலிவரை நடந்து போய் எடுத்து வந்தார்கள். வியர்வை வழிந்து பிடி நழுவுகிறது என்று ஒருவர் மரத்தூளைப் பாக்கெட்டில் வைத்திருந்தார். ஆனால் நடுவர் ஒவ்வொரு பாயின்ட் முடிந்ததும் கையிலிருந்த கருவியில் தவறாமல் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு எங்கே போகிறது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "ஸ்கோர் சார், பாரின்ல பாப்பாங்க" என்றார்.

பார்ப்பார்கள்தான். 2012-இல் தாங்கள் இந்த நேரடி ஸ்கோரை ஸ்போர்ட்ராடார் நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினீர்கள். அதன்பின் ஐந்து ஆண்டுக்கு 7 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்தீர்கள். வாங்கியவர் பந்தய நிறுவனங்களுக்குக் கொடுப்பார். மூன்று பேர் பார்த்த ஆட்டத்தின்மேல், கோர்ட் எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் பணம் கட்டுவார்கள். டிக்கெட் விற்காத, டிவியில் வராத ஆட்டத்தில் விற்கக்கூடிய சரக்கு ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத் தங்களை மெச்சுகிறேன். அந்தப் பணம் டென்னிஸுக்கே திரும்புகிறது என்கிறீர்கள், நம்புகிறேன். என் சந்தேகம் சின்னது. சரக்கைத் தயாரித்தவருடைய பேரேட்டில் அந்த வரவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் காட்டினால் நான் பதிந்துகொள்வேன்.

வழக்கறிஞர் ஆடம் லூயிஸ் தலைமையில் தாங்களும் மற்ற அமைப்புகளும் அமைத்த தனிக்குழு 2018-இல் இதையெல்லாம் துருவிவிட்டது. சுமார் 3,200 ஆட்டக்காரர்களைக் கேட்டதில் 464 பேர் ஆட்டத்தை விற்பதைப் பற்றித் தமக்கு நேரடியாகத் தெரியும் என்றார்கள். செலவுக்கு எட்டாத பரிசு ஒரு பக்கம், கடைக்கோடி ஆட்டத்துக்கும் பந்தயம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் சபலம் வராமல் என்ன செய்யும் என்பதுதான் அதன் சாரம். அடித்தட்டுப் போட்டிகளின் ஸ்கோர் விற்பனையை நிறுத்தச் சொன்னது குழு. மற்றபடி ஆட்டக்காரர்களுக்கு நேர்மை குறித்த ஆன்லைன் பாடம் இருக்கிறது. என் கிளையன்டும் படித்துத் தேறிவிட்டார். டென்னிஸில் அவர் ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டக் கூடாது. யாராவது அணுகினால் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். எல்லாம் சரியான விதிகள், ஆட்சேபணையே இல்லை. ஒரே ஒரு தகவல். அவர் தோற்ற இரவுகளில் இன்ஸ்டாகிராமில் முன்பின் தெரியாதவர்கள் அவர் அம்மாவைப் பற்றி எழுதுகிறார்கள். 2024-இல் 458 ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 8,000 வசைப் பதிவுகள் வந்ததாகவும், பத்தில் நாலு பந்தயத்தில் காசு விட்டவர்களுடையது என்றும் தாங்களும் பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏ-வும் அறிக்கை வெளியிட்டிருக்கிறீர்கள். ஆக, அவரிடம் கோபித்துக்கொள்கிறவர்கள் எல்லாருமே அவர் தொழிலை உண்மையான தொழில் என்றுதான் நம்புகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் சான்றிதழ் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். கையெழுத்துக்குப் பதில் வேறு ஏதாவது போட்டு அனுப்புவார்கள்.

இதற்கெல்லாம் நான் ஏன் தங்களைத் தொந்தரவு செய்கிறேன், ஏடிபியைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டிருப்பேன். 2024-இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள்: தொடங்கியபோது முதல் 100 பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75,000 என்று குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம். நல்ல திட்டம். 251-ஆவது ஆளிலிருந்து தங்கள் எல்லை தொடங்குகிறது போலிருக்கிறது. ஆக, ஏடிபி, டபிள்யூடிஏ, தாங்கள், நான்கு கிராண்ட் ஸ்லாம்கள் என்று மொத்தம் ஏழு அமைப்புகள். ஒரு வீட்டில் ஏழு மாமியார் இருந்தால் மருமகள் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டியவர் யார் என்பது எப்போதும் தீராத வழக்கு. நிஜ வழக்கும் வந்துவிட்டது. ஜோகோவிச்சும் சேர்ந்து தொடங்கிய ஆட்டக்காரர் சங்கம் 2025 மார்ச்சில் தாங்கள் உட்படப் பலர்மேல் போட்டது. அது அதன்பாட்டுக்கு நடக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரு சான்றிதழ்.

தங்கள் தரப்பு பதில் எனக்கு மனப்பாடம். 2016-இல் மார்கஸ் வில்லிஸ் 772-ஆம் இடத்திலிருந்து வந்து விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் ஃபெடரருடன் ஆடவில்லையா? ஆடினார். லாட்டரி டிக்கெட் கடையில் பரிசு விழுந்தவரின் படத்தைத்தான் மாட்டுவார்கள். சுமித் நாகல் கதையோ எங்கள் பேட்டையிலேயே நடந்தது. 2023-இல் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரரான அவர், தன் வங்கிக் கணக்கில் மிஞ்சியிருப்பது 900 யூரோ என்று செய்தியாளரிடம் சொன்னார். நான்கே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் 31-ஆம் நிலை பப்லிக்கை வீழ்த்தினார். 1989-இல் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரைச் சாய்த்த பிறகு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்றவரைத் தோற்கடித்த முதல் இந்தியர். அடுத்த மாதம் நுங்கம்பாக்கத்தில் சாலஞ்சர் பட்டம் வென்று முதல் 100-க்குள் நுழைந்தார். கைதட்டினேன், விசிலும் அடித்தேன். ஆனால் கணக்குக்காரன் புத்தி, கைதட்டும்போதே கேட்டது: நாட்டின் முதல்நிலை ஆட்டக்காரருக்கே 900 யூரோ என்றால், வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு எவ்வளவு? சென்னைக்காரரான ராம்குமார் ராமநாதன் 2017-இல் அந்தால்யாவில் உலகின் முதல் பத்துக்குள் இருந்த டொமினிக் தீமை நேர் செட்களில் வீழ்த்தினார்; மறு ஆண்டு நியூபோர்ட் இறுதிவரை போனார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றுக்காக 20 தடவைக்கு மேல் தகுதிச் சுற்றில் மோதியும் கதவு திறக்கவில்லை. அவர் படத்தை எந்தக் கடையிலும் மாட்டக் காணோம்.

"விட்டுட வேண்டியதுதானே தம்பி?" என்று என் கிளையன்டைக் கேட்டேன். ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்விதானே. அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "சார், போன மாசம் 180-ல இருக்கறவனோட மூணாவது செட் டைபிரேக் வரைக்கும் போனேன் சார். அஞ்சு-நாலு லீட். ஒரு ஃபோர்ஹேண்ட், லைனுக்கு இவ்ளோ வெளிய." இரண்டு விரலை நெருக்கிக் காட்டினார். நடுவில் ஒரு பத்து ரூபாய் நாணயம் நுழையாது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தங்கள் தொழில் முழுக்க அந்த இரண்டு விரல் இடைவெளியில்தான் நடக்கிறது என்று தோன்றியது. அங்கே நிற்க எத்தனை பேர் வேண்டுமானாலும் சொந்தச் செலவில் வருவார்கள்.

ஆகவே தங்கள் சிரமத்தைக் குறைக்க வாசகத்தை நானே தயார் செய்து இணைத்திருக்கிறேன். வேண்டாததை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டால் போதும்.

"மேற்படியார் செய்வது தொழில்" என்பதை வைத்துக்கொண்டால் நல்லது. கூடவே, அந்தத் தொழிலில் முதலாளி யார் என்று ஒரு வரி சேர்த்தால் அதிகாரிக்கு வசதியாக இருக்கும். "மேற்படியார் செய்வது பொழுதுபோக்கு" என்பதை வைத்துக்கொண்டாலும் எங்களுக்குச் சம்மதமே. அப்போது வருடாவருடம் கட்டிய பதிவுக் கட்டணம், போட்டிக்குப் போட்டி கட்டிய நுழைவுக் கட்டணம், ராக்கெட்டை ஓங்கி எறிந்ததற்காகக் கட்டிய அபராதம் ஆகியவற்றைத் திருப்பி அனுப்பிவிடவும். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவரின் ஸ்கோரை அவரைக் கேட்காமல் விற்பதைப் பற்றித் தங்கள் வக்கீல்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். இரண்டையும் அடிக்காமல் வாங்கும்போது தொழில், கொடுக்கும்போது பொழுதுபோக்கு என்று விட்டுவிடும் பழக்கம் தங்களுக்கு உண்டு என்று அறிகிறேன். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். பதிலை விரைந்து அனுப்பிவைக்கப் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆடிட்டர்.

நகல்: ஏடிபி அலுவலகத்துக்கு, தகவலுக்காக மட்டும்.

பி.கு.: சான்றிதழுக்குக் கட்டணம் ஏதும் உண்டென்றால் என் கிளையன்டுக்கு இந்த வாரம் சேர வேண்டிய பரிசுத் தொகையில் பிடித்துக்கொள்ளலாம். இந்த வாரம் அவர் தகுதிச் சுற்றில் ஆடுகிறார்.